கடுக்காய்க்கு ஒரு ஸ்பானியச் சொல்

கச்சிராயபாளையத்தில் ஸ்பானிய மொழி தெரிந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் அம்சவள்ளி. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்பது ஊருக்கு இன்றுவரை விளங்கவில்லை. கரும்பு போடும் நாராயணசாமியின் ஒரே மகள். கள்ளக்குறிச்சியில் இயற்பியல் படித்தாள். படித்ததற்குச் சம்பந்தமே இல்லாமல் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. மெக்சிகோக்காரர்களோடு பேச ஆள் வேண்டும், ஸ்பானிஷ் படிக்க யார் தயார் என்று மேலாளர் கேட்டபோது அவள்தான் முதலில் கை தூக்கினாள். ஏன் தூக்கினாய் என்றால், "யாருமே தூக்கல. கேட்டவரப் பாத்தா பாவமா இருந்துச்சு" என்பாள்.

பாவம் பார்த்ததன் பலனை நன்றாகவே அனுபவித்தாள். வினைச்சொற்களும் ஆண்பால் பெண்பாலும் ஒருவழியாக மண்டையில் ஏறின. ஏறாமல் சண்டித்தனம் செய்தது 'நம்பலாம்' என்ற ஒன்றுதான். தமிழில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. சேதியா, நம்பலாம். மோட்டாரா, நம்பலாம். மாப்பிள்ளையா, அவரையும் நம்பலாம். அதே சொல் எல்லா இடத்துக்கும் போய் வரும், மிச்சத்தைக் குரலும் முகமும் பார்த்துக்கொள்ளும். ஸ்பானியக்காரர்கள் அப்படி விடுவதில்லை. எதை நம்புகிறாய், எந்தக் காரியத்துக்காக நம்புகிறாய் என்று கேட்டு, தனித்தனியாகச் சொல் வைத்திருக்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அம்மாள் குளிர்பதனப் பெட்டி பழுது என்று மெக்சிகோவிலிருந்து அழைத்தாள். அம்சவள்ளி தைரியமாக, "கவலைப்படாதீர்கள், எங்கள் மெக்கானிக் மிகவும் 'க்ரெயீப்லெ'" என்றாள்.  அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அப்படியென்றால் அவன் சொல்லும் பொய் நம்பும்படி இருக்குமா, பெண்ணே? எனக்குக் கதை சொல்கிறவன் வேண்டாம், பெட்டியைச் சரிசெய்கிறவன் வேண்டும்" என்றாள் அந்த அம்மாள். சிரித்து முடித்துவிட்டுப் போனை வைத்திருக்கலாம், வைக்கவில்லை. எந்த இடத்தில் எந்தச் சொல் என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எடுத்துச் சொன்னாள். அழைப்பு நீண்டதற்காக அம்சவள்ளிக்கு மேலாளரிடம் நல்ல திட்டு கிடைத்தது. அந்த அம்மாளின் பெயர்கூட இப்போது நினைவில்லை. ஆனால் மொழியால் ஏதாவது நல்லது நடந்தால் மனதுக்குள் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவாள்.

அன்றிலிருந்து அந்தச் சொற்களை ஊர்க்காரர்களை வைத்துப் பழகிக்கொண்டாள். கோமுகி அணை நிறைந்திருக்கிறது, அடுத்த வாரம் தண்ணீர் திறப்பார்கள் என்று ஒருவர் சொன்னால், கேட்டதும் மனம் ஏற்கிறது. அது 'க்ரெயீப்லெ'. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போனபோது வழியில் சிறுத்தையைப் பார்த்ததாகச் சித்தப்பா கொளஞ்சியப்பன் சொல்வாரே, அது 'வெரோசிமில்'. நடந்திருக்கக்கூடிய கதை. சிறுத்தையும் உண்டு, சித்தப்பாவும் உண்டு, இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டார்களா என்பதில்தான் சந்தேகம். நிலத்துப் பட்டா 'ஃபிதெதிக்னோ', சபையில் எடுத்து வைக்கலாம். பொத்தானைத் தட்டினால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் தள்ளும் அப்பாவின் பம்புசெட் 'ஃபியாப்லெ'. அந்தப் பட்டியலில் டவுன் பஸ்ஸைச் சேர்க்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் கண்டக்டர், சீட்டில் விட்டுப்போன மணிபர்ஸை வீடு தேடி வந்து கொடுத்தவர். அவர் 'தெ கொன்ஃபியான்சா', மனதைத் திறந்து ஒப்படைக்கக்கூடிய ஆள். 'ஃபியாப்லெ'வுக்கு மெக்சிகோவில் இன்னொரு சொல்லும் சொல்வார்கள், ஸ்பெயினில் 'ஃபியாப்லெ'தான் அதிகம்.

சில வருடங்கள் கழித்து அம்மா இறந்துபோனாள். அப்பா தனியாகச் சோறு பொங்கித் தின்கிறார் என்று கேள்விப்பட்டதும் அம்சவள்ளி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். போன வேலை போனதுதான் என்று நினைத்தாள். ஆனால் வீட்டுக்கு இணையம் வந்தது, இணையத்தின் வழியே மொழிபெயர்ப்பு வேலையும் வந்தது. வயலுக்கும் கணினிக்கும் நடுவில் அவள் காலம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. "எம் பொண்ணு வூட்ல குந்திக்கினே ஸ்பெயினு ஆளுங்ககிட்ட பேசுது" என்று நாராயணசாமி டீக்கடையில் சொல்வார். என்ன பேசுகிறாள் என்று யாராவது கேட்டால் அவருக்கும் தெரியாது.

தங்கதுரை வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். கச்சிராயபாளையத்தில் உரக்கடை வைத்திருப்பவர், சொந்தமாக ஒரு லாரியும் உண்டு. கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் இறக்கி வந்து வியாபாரிகளுக்குக் கொடுப்பார். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். எங்கோ தேடிப் பிடித்து, ஸ்பெயினில் தோல் பதனிடும் பட்டறை நடத்தும் மார்த்தா என்ற பெண்ணிடம் தொடர்பு வைத்துக்கொண்டார். மருந்து கலக்காமல் கடுக்காயும் மரப்பட்டையும் போட்டே தோலைப் பதனிடுகிறவள் அவள். இடைத்தரகர் இல்லாமல், பொறுக்குகிறவர்களிடமிருந்தே கடுக்காய் வாங்க ஆசைப்பட்டாள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பெண்கள் குழு ஒன்று இருந்தது. காட்டில் கடுக்காய் பொறுக்கிக் காயவைத்து, கீழே இருந்து வரும் வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வழி திறந்தால் அவர்கள் யாருடைய வாயையும் பார்க்க வேண்டியதில்லை. நடுவில் பேசுவதற்கு ஒரு வாய்தான் தேவைப்பட்டது. அது அம்சவள்ளியின் வாய்.

குழுவுக்குத் தலைவி சாலம்மாள். நாற்பது தாண்டியவள், குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. அம்சவள்ளி முதல்முறை மேலே போனபோதே, "வெள்ளக்காரங்க பாச பேசற பொண்ணா நீ? சோறு திம்பியா, ரொட்டிதானா?" என்று கேட்டு உட்காரவைத்துச் சாமைச் சோறு போட்டாள். அன்றே இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

வீடியோவில் பேசுவது என்று ஒரு பகல்பொழுதைக் குறித்தார்கள். அந்த ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். தங்கதுரை போனைத் தொட்டிச் சுவரில் சாய்த்துவைத்தார். பெண்கள் எல்லோரும் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு பின்னால் கூடி நின்றார்கள். திரையில் நரைத்த முடியும் இடுப்பில் கட்டிய தோல் ஏப்ரனுமாக மார்த்தா வந்தாள். வணக்கம் ஆயிற்று, சிரிப்பு ஆயிற்று. பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி, மாசிக் கடைசிக்குள் எத்தனை டன் கொடுப்பீர்கள் என்பது.

அம்சவள்ளி தமிழில் சொன்னாள். சாலம்மாள் தலையை ஆட்டினாள். "மரத்துல இருக்கறதப் பத்தி இப்ப வாயத் தொறக்கக் கூடாதும்மா. மொதக் கூடைய சாமி முன்னாடி வெச்சப்புறம் கேளு, சொல்றேன்."

"ஒரு குத்துமதிப்பா சொல்லுங்கக்கா" என்று தங்கதுரை கெஞ்சினார்.

"குத்துமதிப்பும் கெடையாது. காயி இன்னும் மரத்தோடது. நம்மளது இல்லாதத எப்பிடித் தரேன்னு சொல்றது?"

அந்த ஊர் வழக்கம் அது. முதல் கூடை இறங்கிச் சாமிக்குப் படைக்கும்வரை இந்த வருடம் இவ்வளவு வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள், வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டிகூடப் பேசிக்கொள்ளமாட்டார்கள். அம்சவள்ளி இதை முடிந்தவரை அழகாக எடுத்துச் சொன்னாள். மார்த்தா பொறுமையாகத்தான் கேட்டாள், ஆனால் முகம் இறுகிவிட்டது. அவள் கஷ்டம் அவளுக்கு. தோலைத் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டுக் கடுக்காய்க்காகக் காத்திருக்க முடியாது, தோல் அழுகிப்போகும். இதற்கு முன் வாங்கிய இரண்டு இடங்களிலும் ஏமாந்திருந்தாள். அவள் நேராக அம்சவள்ளியைப் பார்த்தாள்.

"உனக்கு இவர்களையும் தெரியும், எங்கள் மொழியும் தெரியும். சுற்றி வளைக்காமல் சொல். இவர்கள் 'ஃபியாப்லெஸ்'தானா?"

'ஸி' என்று ஓரெழுத்தில் ஆமாம் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. மனிதர்களைப் பொதுவாகக் குறிக்கவும் அந்தச் சொல்லைப் போடுவார்கள், தப்பென்று யாரும் சட்டையைப் பிடிக்கமாட்டார்கள். ஆனால் மார்த்தா கேட்டது அளவையும் நாளையும். பம்புசெட்டைப்போலத் தட்டினால் வருமா என்று கேட்கிறாள். வராது என்பது அம்சவள்ளிக்குத் தெரியும். இது மலை, காய்க்கிற வருடம் காய்க்கும், கைவிரிக்கிற வருடம் விரிக்கும். பின்னால் பூவைத்துக்கொண்டு நின்ற பெண்கள் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கதுரை சொல்லு சொல்லு என்று கண்ணால் ஜாடை காட்டினார். 

"நீங்கள் கேட்கிற அர்த்தத்தில் ஃபியாப்லெஸ் இல்லை" என்று ஸ்பானியத்தில் சொன்னாள். "நாளும் அளவும் இவர்கள் கையில் இல்லை. ஆனால் 'தெ கொன்ஃபியான்சா'. என் வீட்டுச் சாவியை இவர்களிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போவேன்."

மார்த்தா தலையசைத்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். திரை அணைந்தது.

'இல்லை' என்பதற்கு ஸ்பானியத்திலும் 'நோ'தான். அது தங்கதுரை காதில் நன்றாகவே விழுந்திருந்தது. "ஒரு ஆமா சொல்றதுக்கு வாய் வலிக்குதா உனக்கு? எத்தினி மாசமா அலைஞ்சு புடிச்சேன் தெரியுமா?" என்று கத்திவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கிப் போனார்.

சாலம்மாள், "இன்னா சொல்லிச்சு அந்தம்மா?" என்று கேட்டாள்.

"யோசிக்கிறாங்களாம்க்கா." தான் சொன்னது என்ன என்பதை அம்சவள்ளி சொல்லவில்லை. சொல்லத் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சரியான சொல்லைத்தான் சொன்னாள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சரியான சொல் யாருடைய பிழைப்பைக் கெடுக்கிறது? சொன்னது அவள், மார்த்தா வேண்டாமென்றால் பழையபடி வியாபாரியின் தராசுக்கு முன்னால் நிற்கப்போவது அவர்கள்.  அப்பா, "இன்னாடா கண்ணு, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தாள்.

ஒருநாள் காலை மார்த்தாவின் குரல் பதிவு வந்தது. "இதுவரை நான் கேட்ட எல்லோரும் ஆமாம் என்றுதான் சொன்னார்கள். இல்லை என்று சொன்னது நீ ஒருத்திதான். அதனால் நீ சொன்ன மற்றதையும் எடுத்துக்கொள்கிறேன். எவ்வளவு வருகிறதோ அவ்வளவு அனுப்புங்கள், குறைவதை வேறிடத்தில் வாங்கிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று, வருவது முழுக்க அந்தப் பெண்கள் இந்தப் பருவத்தில் பொறுக்கியதாக இருக்கவேண்டும்." அம்சவள்ளி அதை நாலைந்து முறை போட்டுக் கேட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தாள். தங்கதுரையிடமும் சாலம்மாளிடமும் போனில் சொன்னாள். தங்கதுரைக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "நான் அப்பவே நெனச்சேன்" என்று கடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தை பிறந்து காய் இறங்கத் தொடங்கியது. முதல் கூடை சாமிக்குப் போனது. நல்ல காய்ப்பு என்று சாலம்மாள் இப்போது வாய்விட்டே சொன்னாள். மாசியில் பெய்யக்கூடாத மழை பெய்தது. களத்தில் காயப்போட்ட கடுக்காயை வாரி வீட்டுக்குள் கொட்டுவதற்குள் நனைந்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து புழுங்கிப் பூசணம் பிடித்தது. பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு காயாகப் பார்த்துக் கறுத்ததைக் கழித்தார்கள். மிஞ்சியது பாதி.

லாரி மேலே போன அன்று சாலம்மாளிடமிருந்து போன் வந்தது. "பாப்பா, கெளம்பி மேல வா. இங்க ஒரு பேச்சு ஓடிக்கினு இருக்குது. நீ இல்லாம முடியாது."

அம்சவள்ளி கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். வளைவுக்கு வளைவு மனது அடித்துக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது விஷயம் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. லாரியில் ஒரு பக்கம் குழுவின் மூட்டைகள், இன்னொரு பக்கம் வேறு ஊரில் வாங்கி, போன வருடத்திலிருந்து தங்கதுரையின் கிடங்கில் கிடந்த மூட்டைகள்.

தங்கதுரை ஓடிவந்தார். "பாதி வண்டி போனா லாரிக்கும் கப்பலுக்கும் குடுக்கற வாடகைக்கே சரியாப் போயிடும்மா. இவங்களுக்கு இன்னா மிஞ்சும், நீயே சொல்லு. இதுவும் நம்ம மலைக் கடுக்காதான். அரைச்சுப் பொடி பண்ணித் தோலுல போடப்போறாங்க, போன வருசத்துதுன்னு எதுல எழுதியிருக்குது?" அவர் சொன்னதில் வாடகைக் கதை உண்மை. பெண்களின் முகங்களிலும் அது எழுதியிருந்தது. கழித்துப் போட்ட கறுப்புக் காய்க் குவியல் அவர்கள் பக்கத்திலேயே கிடந்தது.

சாலம்மாள் அம்சவள்ளியைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "அன்னிக்கி அந்தம்மா நேரா உன்னப் பாத்து ஒன்னு கேட்டாங்க. நீ ஒன்னு சொன்ன. தொர கோச்சிக்கினு போனாரு. எங்களுக்கு ஒன்னும் புரியல, நாங்களும் கேக்கல. இன்னிக்கிக் கேக்கறோம். இன்னா சொன்ன?"

தப்பிக்க வழியில்லை. அம்சவள்ளி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இத்தினி டன்னு, இந்தத் தேதின்னு இவங்கள நம்பாதீங்கன்னு சொன்னேன்க்கா."

"அடிப்பாவி" என்றாள் பூமாலை என்ற பெண். 

"அப்புறம்?" என்றாள் சாலம்மாள்.

"வூட்டுச் சாவிய இவங்ககிட்ட குடுத்துட்டு வெளியூருக்குப் போலாம், அப்பிடிப்பட்டவங்கன்னு சொன்னேன்."

"அந்தம்மா அத எடுத்துக்கினாங்களா?"

"எடுத்துக்கினதாலதான்க்கா வாங்கறாங்க. இந்த வருசம் நீங்க பொறுக்கனது மட்டும் வந்தாப் போதும்னாங்க."

சாலம்மாள் மற்ற பெண்களைப் பார்த்தாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூமாலைதான் முதலில் எழுந்து சேலையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்ப இன்னா பேச்சு? மத்தவங்க காய எறக்குங்க" என்றாள்.

"வண்டி பாதி காலியாப் போவும்" என்றார் தங்கதுரை.

"போவட்டும் தொர" என்றாள் சாலம்மாள். "எங்க மேல இவ ஒரு பேரு வெச்சிட்டா. அதுக்கப்புறம் இத ஏத்தி அனுப்புனா இவ மூஞ்சிய நாங்க எப்பிடிப் பாக்கறது?"

தங்கதுரை தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டினார், யாரைத் திட்டுகிறார் என்று தெரியாமல் பொதுவாகத் திட்டினார். பிறகு அவரே லாரியில் ஏறி மூட்டைகளைத் தள்ளிக்கொடுத்தார், பெண்கள் வாங்கி இறக்கினார்கள். வாடகையில் தன் லாரியின் பங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அம்சவள்ளி கை வைக்கப் போனபோது சாலம்மாள் தடுத்தாள். "நீ குந்து. சொல்லிட்டுக் கீழ போயிட்ட, இம்மா நாளா அந்தச் சாவிய வெச்சிக்கினு இருந்தது யாரு? நாங்க. தெரியாமயே வெச்சிக்கினு இருந்திருக்கோம் பாரு" என்று அவள் பெருஞ்சிரிப்பாய்ச் சிரித்தாள்.

அம்சவள்ளிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடங்களாக அவள் எத்தனையோ பேருக்கு, எத்தனையோ பொருளுக்குச் சொல் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறாள். சரியா தப்பா என்று அகராதியைப் பார்ப்பாள், அதோடு அவள் வேலை முடிந்துவிடும். ஒருத்தரும் அவள் சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாதே என்று தங்கள் வருமானத்தை இறக்கிவைத்ததில்லை. இந்தப் பெண்களுக்கு எந்த ஜென்மத்தில் என்ன செய்தேன் என்று நினைத்தாள். நன்றி என்று சொன்னால் சாலம்மாள் கேலி செய்வாள், அதனால் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

லாரி லேசாகக் குலுங்கிக்கொண்டு இறக்கத்தில் திரும்பியது. அம்சவள்ளி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று மார்த்தாவுக்குச் செய்தி தட்டினாள். சாலம்மாள் கைகழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா எழுதற?"

"மழ பேஞ்சிடுச்சு, பாதிதான் வருதுன்னு."

"அவ்ளோதானா? எங்களப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சேத்துப் போடேன்."

"இதுக்கு மேல ஒரு வார்த்தையும் தேவையில்லக்கா" என்று சொல்லிவிட்டு அம்சவள்ளி அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.